பயணம் சொல்லிப் போனவன்

சுபஹு பாங்குக்கு முந்தியே உம்மா மௌத்து. நன்றாக விடிவதற்குள் றபீக்காவின் வீட்டு வாசலில் சனம் சேர்ந்துவிட்டது. உம்மாவைப் பகல் லுஹர் தொழுகையோடேயே அடக்குவதென்று றபீக்காவின் புருஷன் றஊப் சொன்னார். பள்ளிவாசல் ஆட்களும் அதுதான் சரி என்றார்கள். "ஒரே மகன். அவனும் வெளிநாட்டில கெடக்கான். இனி ஆருக்காக மையித்த வெச்சிக்கிட்டு இரிக்கிற?"

உள்ளே மாமியின் கால்மாட்டில் இருந்த நதீராவுக்கு அது கேட்டது. அந்த ஒரே மகன், அவளுடைய புருஷன் முனாப், வெளிநாட்டில் இல்லை. கொழும்பு மாளிகாவத்தையில் பிரிஜ் திருத்துகிற கடையொன்றின் மேல் அறையில் இருக்கிறான். ஊரில் இது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

விசா வந்தால் அதில் என்ன தொழில் போட்டிருக்கிறது என்று எங்கள் ஊரில் யார் பார்த்தார்கள்! தையல்காரன் சாரதியாகப் போவான், இங்கிலீசு படிப்பித்தவர் சமையல்காரராகப் போவார். போய்ச் சேர்ந்தால் சரி, மிச்சத்தை அல்லாஹ் பார்த்துக்கொள்வான். முனாப் கைதேர்ந்த எசி மெக்கானிக். விசாவில் மட்டும் மேசன். ஆறு வருசமாக அதை ஒருவரும் கேட்கவில்லை. தொண்ணூற்றாறில் அவன் லீவில் வந்து நின்ற நேரம் பார்த்து அந்த நாட்டில் சட்டத்தை மாற்றினார்கள். விசாவில் உள்ள தொழிலைத்தான் செய்ய வேண்டும், மாறிச் செய்தால் வேலை கொடுத்தவனுக்கும் தண்டனை.

இது தெரியாமல் முனாப் வழக்கம்போல ஊரெல்லாம் பயணம் சொன்னான். வீடு வீடாக ஏறி, குற்றம் குறையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி, உம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு வேன் ஏறினான். கொழும்பு ஏஜன்சியில்தான் விசா கென்சல் என்றார்கள். அரபி முதலாளி நல்ல மனுசன், சரியான தொழிலுக்கே புது விசா எடுத்துத் தருவதாகச் சொன்னான். அதற்குக் கொழும்பில் தொழில் டெஸ்ட் ஒன்றில் பாஸாக வேண்டும். அதுவரைக்கும் ஊருக்கு வந்திருக்கலாம்தான். ஆனால் பயணம் சொல்லிப் போனவன் எந்த முகத்தோடு கல்முனை பஸ்ஸில் வந்து இறங்குவது? இன்றைக்கு நாளைக்கு என்று நாலு மாதம் போய்விட்டது. மாமி கடைசிவரைக்கும் மகன் பிளேன் ஏறிவிட்டான் என்றே நம்பியிருந்தாள்.

நதீரா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சந்தியிலுள்ள கொமினிகேசனுக்கு ஓடினாள். கடைக்காரர் அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டிருந்தார். மாளிகாவத்தைக் கடைக்குப் போன் அடித்தாள், முனாப்தான் எடுத்தான்.

"இஞ்சேருங்க, மாமி நம்மள விட்டுட்டுப் பெய்த்தாங்க."

அந்தப் பக்கம் முனாப் சின்னப் பிள்ளை மாதிரி விம்மினான். அவளும் அழுதாள்.

"எப்ப எடுக்காங்க?"

"லுஹருக்காம். நீங்க கொழும்பில இரிக்கீங்க எண்டு நான் ஒரு சொல்லுச் சொன்னா, பின்னேரம் அஸர் கழியும் வரைக்கும் வெப்பாங்க. சொல்லட்டா?"

"இண்டைக்கித்தான் புள்ள டெஸ்ட். இண்டைக்கு நான் நிக்கல்லெண்டா அந்த விசாவ வேற ஒருத்தனுக்குக் குடுத்துருவாங்க." மூக்கை உறிஞ்சினான். "நான் வந்தாப்போல உம்மா எழும்பவா போறா? சொல்லிராத. நான் வெளிநாட்டிலதான் இரிக்கன். விளங்குதா?"

"ஒங்கட உம்மாங்க..."

"சொல்லாத எண்டு சொல்றன்!"

போனை வைத்துவிட்டான். இவனெல்லாம் ஒரு மனுசனா என்று அவளுக்குக் கொதித்துக்கொண்டு வந்தது. பள்ளிவாசல் முடக்கைத் தாண்டுவதற்குள் பாவம் என்றும் இருந்தது. அறைக்குள் தனியாக இருந்து அழுகிறவனுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவும் ஆளில்லை.

மாமியைக் குளிப்பாட்டிக் கபன் துணியிட்டு, முகத்தை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். "தம்பிக்குப் போன் அடிச்சயாகா? என்ன சொன்னான்?" என்று றபீக்கா கேட்டாள்.

"அழுதாரு, மச்சி."

"கடலுக்கு அங்கால இரிக்கிறவன் என்னதான் செய்வான்! இஞ்சால வா. அவன்ட பங்குக்கும் நீயே பாத்துக்க."

தலைமாட்டில் தான் இருந்த இடத்தை விட்டு றபீக்கா எழும்பினாள். நதீரா அதில் இருந்து பார்த்தாள். மாமியின் நாடியில் ஒரு துளித் தண்ணீர் நின்றது.

"மச்சி," என்றாள்.

றபீக்கா திரும்பினாள்.

"ஒண்டுமில்ல."

முகத்தை மூடிக் கட்டினார்கள். ஆண்கள் வந்து சந்தூக்குப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் வாசல் கேற்றோடு நின்றுகொண்டார்கள்.

அஸர் தொழுது சனம் வெளிப்படுகிற நேரம் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. முனாப் இறங்கினான். டெஸ்டுக்கென்று அயன் பண்ணிப் போட்ட வெள்ளைச் சேட், கழுத்துவரைக்கும் பொத்தான். ஒருவரையும் பார்க்காமல் உள்ளே ஓடினான். கட்டில் வெறுமையாக இருந்தது. ஒவ்வொரு அறையாகப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து நதீராவின் முன்னால் நின்றான்.

"எடுத்துட்டாங்களா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"டெஸ்ட் வெக்கிற எடத்து வாசல்வரைக்கும் போனன். உள்ள போக மனம் வரல்ல. நான் சொல்லாத எண்டாலும் நீ சொல்லியிருப்பாய் எண்டு நெனச்சித்தானே புள்ள வேன் புடிச்சன்!"

மச்சியிடம் ஒரு சொல் சொல்ல எழும்பிய வாயை நதீரா இவனுக்காக மூடினாளே! இவன் அவளை நம்பியா இவ்வளவு தூரம் வந்தான்?

குசினிக் கதவில் றபீக்கா இதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். தம்பியைப் பார்த்தாள், பிறகு நதீராவைப் பார்த்தாள். கத்துவாள் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

"கொழும்பிலயா இரிந்த?" என்று மெதுவாகத் தம்பியிடம் கேட்டாள். பிறகு, "ஒரே ஒரு சொல்லுகா, நதீரா. நாங்க வெச்சிருப்பமே," என்றாள்.

றஊப் அவனைக் கையில் பிடித்து உம்மாவை அடக்கிய மையவாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது வெள்ளைச் சேட்டின் நெஞ்செல்லாம் கடற்கரை மண். சனம் ஒவ்வொருவராக ஸலாம் சொல்லி அவன் கையைப் பிடித்தார்கள். எப்போது வந்தாய், எங்கிருந்து வந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைசி ஆளும் கேற்றைத் தாண்டிப் போய்விட்டார். முனாப் கையை நீட்டியபடியே நின்றான்.