ஏழாவது கேள்வி

செந்தமிழ்ச்செல்விக்கு மூன்று நாளாகச் சரியான தூக்கம் இல்லை. ஆண்கள் வார்டில் ஒன்பதாம் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் கழுத்தைத் தொங்கப்போட்டுத் திடுக்கிட்டு விழிப்பதற்குப் பெயர் தூக்கம் என்றால், தூங்கினாள். கட்டிலில் அவள் அப்பா தெய்வநாயகம். ஃப்ளூ காய்ச்சல் நெஞ்சுக்குள் இறங்கி, ஆக்சிஜன் மாஸ்க்கோடு கிடந்தார்.

இதே ஆஸ்பத்திரியில்தான் அவளுக்கு வேலை. சாரம் பகுதியில் இருந்த அவர்கள் வீட்டுக்கு வந்த முதல் பட்டம் அவளுடையது, பி.எஸ்சி. புள்ளியியல். அதற்குக் கிடைத்தது ஓர் ஆய்வுத் திட்டத்தில் டிசம்பர் வரைக்குமான ஒப்பந்த வேலை. மூச்சுத்திணறலோடு வந்து படுக்கிறவர்களிடம் படிவத்தோடு போய்க் கேள்வி கேட்க வேண்டும். ஏழாவது கேள்விதான் உயிர்: "கடந்த பன்னிரண்டு மாதத்தில் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்டீர்களா?" ஊசி போட்டவருக்கும் ஃப்ளூ வரும். வந்து படுத்த பிறகு யார் ஐசியூவுக்குப் போகிறார்கள், யார் நடந்தே வீட்டுக்குப் போகிறார்கள், அதில் ஊசிக்கு எவ்வளவு பங்கு என்று பார்ப்பதுதான் ஆய்வு. எட்டு மாதத்தில் அறுநூறு பேரிடமாவது கேட்டிருப்பாள். படிவம் முடிந்ததும், போடாதவர்களை உட்காரவைத்து ஒரு பிரசங்கமும் செய்வாள்.

வீட்டில் சொன்னது ஒரே ஒரு தடவை. ஆவணி மாதம், செருப்பை மாட்டிக்கொண்டே. "சனிக்கெழம கூட்டினு போறேம்பா, ஒரு ஊசி போட்டுக்கோ." அதற்குப் பிறகு எத்தனையோ சனிக்கிழமை வந்தது. அவர் கேட்கவில்லை, அவளும் கூப்பிடவில்லை.

பத்தாம் கட்டில் அம்மாவாசை, அரியாங்குப்பத்து மீன் வியாபாரி. சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டர் திட்டித் திட்டி அவருக்கு ஊசி போடவைத்திருந்தார். இருந்தும் அதே ஃப்ளூ. ஆனால் மூன்றாம் நாளே எழுந்து உட்கார்ந்து டீயில் பன்னைத் தோய்த்துக்கொண்டிருந்தார்.

"ஊசி போட்டவனும் இங்கதான் கெடக்கறான், போடாதவனும் இங்கதான் கெடக்கறான். இன்னாத்த ஆராய்ச்சி பண்றியோ போ."

"நீங்க உக்காந்து வாயடிக்கறீங்க பெரிப்பா. எங்கப்பாவுக்கு ரெண்டு வார்த்த பேசினா மூச்சு வாங்குது."

"அவுர வாயத் தொறக்க நீ உட்டாதான?"

இரண்டு கட்டிலை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று அவளுக்கே தெரியும். அப்பாவின் நெஞ்சு வேறு, பஞ்சாலையில் இருபத்தாறு வருஷம் வெந்த நெஞ்சு. அதனால்தான் இத்தனை படிவம், இத்தனை பேர். ஒவ்வொன்றும் உண்மையாக இருந்தால்தான் மொத்தமும் உண்மை.

பத்து மணிக்குச் சங்கவி வந்தாள். செல்வியோடு அதே திட்டத்தில் வேலை பார்ப்பவள், ஒரு வயது சின்னவள். சொந்தக்காரர்களிடம் தானே கேள்வி கேட்கக்கூடாது என்பது விதி. அதனால் இந்தக் கட்டில் அவளுக்கு.

"ஐயா, ஃப்ளூ ஊசி போட்டீங்களா?"

தெய்வநாயகம் மாஸ்க்கை நகர்த்தினார். "போட்டேம்மா. ஆவணியில. எம் பொண்ணுதான் கூட்டினு போச்சி."

"எந்தக் கையில?"

"எடது. ரெண்டு நாளு வலி. ஊசி போட்ட அட்டைய எங்கியோ போட்டுட்டேன்."

அறுநூறு பேர் சொன்னதை அவள் இரவுச் சோற்றின்போது ஒப்பித்ததையெல்லாம் மனுஷர் காதில் வாங்கி வைத்திருக்கிறார். அட்டை இல்லாவிட்டால் வாய்ச்சொல்லை எழுதிக்கொள்ளலாம். சங்கவி 'ஆம்' என்ற கட்டத்தில் டிக் போட்டு, மீதியையும் கேட்டுக்கொண்டு போய்விட்டாள். அவள் வார்டைத் தாண்டியதும் செல்வி அப்பா பக்கம் குனிந்தாள்.

"ஏம்பா பொய் சொன்ன?"

"அப்பனுக்கே போட வக்கில்ல, ஊருக்குச் சொல்ல வந்துட்டான்னு ஒன்ன எவனும் பேசக்கூடாது. டிசம்பருக்கு மேல வேல வேணாமா?" மூச்சு வாங்கிவிட்டுத் தொடர்ந்தார். "பேப்பர் எடுத்துனு வர்றவங்கிட்ட ஆமான்னுடணும். போயிடுவான். மில்லுல அப்டித்தான்."

"மில்லுல இன்னா?"

"பேக்டரி இன்ஸ்பெக்டர் வர்ற அன்னிக்கி காலையில தூசிக்குன்னு ஆளுக்கொரு மாஸ்க் குடுப்பாங்க. தெனம் குடுக்கறாங்களான்னு கேப்பான். ஆமாம்போம். சாய்ங்காலம் திருப்பி வாங்கிப்பாங்க."

அப்பாவின் இருமலைக் கேட்டுத்தான் அவள் வளர்ந்தாள். பரீட்சைக்குப் படித்தது அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான். அந்த இருமலுக்கு உள்ளே இப்படி ஒரு 'ஆமா' இருந்தது இன்றைக்குத்தான் தெரிந்தது. கோபம் வந்தது. யார் மேல் என்று பிரித்துப் பார்க்கக்கூடத் தெம்பில்லை. எழுந்து ஓடினாள்.

மாடிப்படியில் சங்கவியைப் பிடித்தாள். "அந்த டிக்க அடிச்சிடு. அவுரு போடல."

சங்கவிக்கு முகம் மாறிவிட்டது. "அக்கா, வெள்ளிக்கெழம லிஸ்ட் போவுது, டிசம்பருக்கப்புறம் யார வேலயில வச்சிக்கறதுன்னு. நம்ம திட்டத்து டாக்டரு ஒங்க அப்பா பேப்பரத்தான் மொதல்ல எடுத்துப் பாப்பாரு. ஒண்ணுதானக்கா, வுட்டுடேன்."

"ஊசி போட்டும் ஆக்சிஜன் வச்சாங்கன்னு அவுரு பேரு கணக்குல ஏறும். அது பொய்யி."

"நீ சொல்லி நான் மாத்தக்கூடாது. அவுரே சொல்லணும்."

"வா."

திரும்பி வந்த சங்கவி மறுபடி ஏழாவது கேள்வியைக் கேட்டாள். தெய்வநாயகம் அடி வாங்கியவர் மாதிரி மகளைப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. அம்மாவாசைகூடப் பன்னைக் கீழே வைத்துவிட்டார்.

தெய்வநாயகம் மறுபடி மாஸ்க்கை நகர்த்தினார்.

"இல்லம்மா. போடல." இருமல் அடங்கும்வரை காத்திருந்தார். "எம் பொண்ணு படிச்சிப் படிச்சிச் சொல்லிச்சி. நாந்தான் போவல."

"ஒரு தடவதான் சொன்னேன்," என்றாள் செல்வி.

அதை எழுதப் படிவத்தில் இடம் இல்லை. சங்கவியின் பேனா வேறு எழுத மறுத்தது. செல்வியின் பேனாவை வாங்கி, டிக்கின் மேல் ஒற்றைக் கோடு இழுத்து, 'இல்லை'யைக் குறித்து, பக்கத்தில் தேதியும் கையெழுத்தும் போட்டாள். யார் முகத்தையும் பாராமல் போனாள்.

"வேல போயிடுமா?" என்றார் அப்பா.

"தெரில."

"அப்ப எதுக்குடி என்னச் சொல்ல வச்ச?"

"பேசாத. மூச்சு வாங்குது பாரு."

மாஸ்க்கை மூக்கின் மேல் இழுத்துவிட்டு, காதுக்குப் பின்னால் முறுக்கியிருந்த ரப்பரைச் சரிசெய்தாள். அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். ஆனால் அவள் கையைத் தட்டிவிடவில்லை.

பதினொரு மணிக்குப் பெண்கள் வார்டில் அவளுக்கு நாலு பேர் காத்திருந்தார்கள். படிவங்களை எடுத்துக்கொண்டு எழுந்து பேனாவைத் தேடினாள். அதைச் சங்கவி கொண்டுபோயிருந்தாள்.