பாட்டு நின்றால் என்ஜின் நிற்கும்

விமானப் பயிற்சிப் பள்ளியில் தரம் பார்க்கிற வேலை என்றால் லேசா? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அடுத்தவர் வேலையில் குறை தேட வேண்டும். கிடைத்ததை அவர் முகத்துக்கு நேரே சொல்லவும் வேண்டும். அந்தக் குறை சொந்த நாத்தனாரிடமே கிடைத்தால்? தர அதிகாரிக்கு அதுதான் வாய்த்தது.

நாத்தனார் சிமுலேட்டர் பயிற்சியாளர். தரையிலேயே நிற்கும் அந்தப் பெட்டி அறைக்குள் விமானி அறை அச்சு அசலாக இருக்கும். பயிற்சி விமானி ஓட்ட, இவள் பின்னால் உட்கார்ந்து திரையைத் தொட்டு ஒரு என்ஜினை நிறுத்துவாள். இவளிடம் படித்தவர்கள் அத்தனை பேரும் பிரமாதமாகச் சமாளித்தார்கள். அந்தப் பிரமாதம்தான் அதிகாரியை உறுத்தியது. பதிவுகளைப் பார்த்தால், என்ஜின் நிற்கும் முன்பே, விமானம் ஒரு பக்கம் இழுக்காமல் பிடிக்கிற மிதிகட்டையை அவர்கள் கால் அழுத்துகிறது! இதென்ன, ஜோசியமா?

“அவ எங்க வீட்டுப் பொண்ணு சார், வேற ஆள அனுப்புங்க” என்று மேலாளரிடம் சொல்லிப் பார்த்தாள். “உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?” என்று அவர் கையை விரித்துவிட்டார்.

வேறு வழியில்லாமல் சிமுலேட்டரில் போய் உட்கார்ந்தாள். சுருள்முடி என்று எல்லாரும் கூப்பிடும் பெண் ஓட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் வெளியிலிருந்து தேர்வாளர் வருகிறார். அவரிடம் தவறினால் அந்தப் பெண் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

நாத்தனார் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். ஓடுபாதையில் வேகம் ஏறியது. பாட்டு நின்றது. சுருள்முடியின் கால் அசைந்தது. அப்புறம்தான் என்ஜின் நின்றது.

அதிகாரிக்குப் பொறி தட்டியது. சிரிப்பை அடக்கிக்கொண்டு நாத்தனாரை வெளியே கூப்பிட்டாள்.

“நீ திரைய தொடறதுக்கு முன்னாடி பாட்ட நிறுத்திடற. அத வச்சே கண்டுபிடிக்கிறாங்க.”

“பாட்டா? நான் எங்க அண்ணி பாடினேன்?”

“அடிப்பாவி, வீட்டுல சட்டி பானையெல்லாம் உன் பாட்டுக்குத் தாளம் போடுது. பாடலங்கிறியே!”

நாத்தனாருக்கு ரோஷம் வந்துவிட்டது. “சரி, நிறுத்தாம பாடறேன். என்ன ஆகுதுன்னு பாப்போம்.”

பாடினாள். பாடிக்கொண்டே என்ஜினை நிறுத்தினாள். சுருள்முடிக்கு ஒன்றும் புரியவில்லை. விமானம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்ப் புல்தரையில் நின்றது. திரையெங்கும் சிவப்பு விளக்கு. அவளுக்கே தெரியாமல் அவள் காதுதான் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறது.

நாத்தனார் முகம் தொங்கிப்போய்விட்டது. “இத எழுதுவீங்களா?”

“எழுதாம?”

“அண்ணன்கிட்ட சொல்லுவேன்.”

“தாராளமா சொல்லு. அவரு சிரிச்சே செத்துடுவாரு.”

எழுதினாள். இந்த ஒரு பக்கத்தால் வீட்டில் பேச்சு நின்றுபோகுமோ என்று பயந்தாள். நாத்தனார் உர்ரென்றுதான் இருந்தாள், ஆனாலும் மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். நிறுத்தாமல் பாடினாள், நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தாள், தப்பும் தவறுமாகப் பாடினாள். சுருள்முடி பல முறை புல்லுக்குப் போனாள், திட்டு வாங்கினாள், பிறகு காதை விட்டுவிட்டுக் கண்ணால் பார்க்கக் கற்றுக்கொண்டாள். ஏற்கெனவே தேறிய மற்றவர்களையும் அதிகாரி விடவில்லை. எல்லாரையும் திரும்ப உட்கார வைத்தாள்.

தேர்வு நாள் வந்தது. தேர்வாளர் கல் மாதிரி மனிதர். இருமக்கூட மாட்டார். கதவுக்கு வெளியே அண்ணியும் நாத்தனாரும் ஆளுக்கொரு பக்கம் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார்கள்.

கதவு திறந்தது. “என்ஜின் நின்னதும் விமானம் மயிரிழை அளவு ஒரு பக்கமா இழுத்துச்சு மேடம், அப்பவே பிடிச்சிட்டேன்! பாஸ்!” என்று சுருள்முடி குதித்தாள்.

நாத்தனார் அவளைக் கட்டிக்கொள்ளவில்லை. நேராக வந்து அண்ணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

“நீங்க எழுதலன்னா இவ ஒரு நாள் நிஜமாவே புல்லுக்குப் போயிருப்பா அண்ணி” என்று தேம்பினாள். “என் மேல இன்னும் ஏதாவது இருந்தா அதையும் எழுதுங்க.”