விரல் பட்ட இடம்

"தம்பி, தொடாதீங்க!"

காலையிலிருந்து தங்கமணி பேசிய முதல் பேச்சு அதுதான். பின்கட்டுக் கொட்டகையில் நாற்காலி எடுக்க வந்த கொழுந்தன் சிவகுரு நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். பழைய மாருதியின் இன்ஜின் மேல் பொருத்தும் சின்ன மூடி கம்பியில் லேசாக ஆடி நின்றது. மேலெல்லாம் சிவப்புப் பவுடர். ஊதினாலே உதிர்ந்துவிடும், சூட்டில் உருகினால்தான் பெயிண்டாகப் பிடிக்கும்.

அதை ஓவனில் மாட்டப் போகும்போதுதான் அவள் கணவர் மருதாசலத்துக்கு நெஞ்சை அடைத்தது. இப்போது முன்னறையில் கிடத்தியிருக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் எடுத்துவிடுவதாகப் பேச்சு. குன்னூரில் மத்தியானத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கிவிடும். ஈரம் பட்டால் பவுடர் திட்டுத் திட்டாகி வீணாய்ப் போகும்.

சிவகுரு குனிந்து பார்த்தார். "ஏற்கெனவே விரல் பட்டிருக்குதுங்க அண்ணி. விழுகறப்ப அண்ணன்தான் புடிச்சிருக்கோணும்."

மூடியின் ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு உலோகம் தெரிந்தது. யாரையும் கிட்டவே விடாத மனிதர். போன தீபாவளிக்கு மகள் சுவாதி ஒரு விரல் வைத்துவிட்டாள் என்று அவளை அழ வைத்தவர்.

அந்த ஓவன் தங்கமணி கேக் செய்ய ஆசைப்பட்டு வாங்கியது. அவள் கோயம்புத்தூர் போய்த் திரும்புவதற்குள் மருதாசலம் அதில் காரின் பிரேக் சாமானை வேகவைத்திருந்தார். "இனிமே இதுல திங்கறது எதுவும் வெக்காத தங்கம், வெசம். இது அடுப்பே இல்லைன்னு நெனச்சுக்கோ" என்று சாவகாசமாக வேறு சொன்னார். அப்புறம் எத்தனையோ நாள் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்றைக்கும் அழுகைக்கு முன்னால் கோபந்தான் வந்தது. இதையும் பாதியில் போட்டுவிட்டுப் போய்விட்டாரே.

ஓவன் சுவிட்சைப் போட்டாள்.

காப்பி ஃபிளாஸ்க்கோடு வந்த பக்கத்து வீட்டு பாலாமணி பதறினாள். "அக்கா, எடுக்கற வரைக்கும் ஊட்டுல அடுப்பு பத்த வெக்கக்கூடாதுங்க!"

"இது அடுப்பில்ல பாலா. அவரே சொல்லியிருக்காரு."

பாலாமணி சிவகுருவைத் திரும்பிப் பார்த்தாள். சிவகுருதான் தயங்கித் தயங்கிச் சொன்னார். "வெக்கறதுன்னா தொடச்சுட்டு மறுக்கா அடிச்சிரலாங்க அண்ணி. இப்படியே வெந்துட்டா அந்த அடையாளம் போகாது. அண்ணன் இருந்தா இத உட மாட்டாரு."

"தெரியும்."

கம்பியோடு தூக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே மாட்டினாள். இருநூறு டிகிரி. சண்டைக்கு நின்ற நேரத்திலெல்லாம் பார்த்தே பழகியிருந்தது.

மருதாசலத்தை வெளியே எடுக்கும்போது பவுடர் வேகும் வாடை வீடு முழுக்கப் பரவியிருந்தது. வழக்கமாக மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறப்பவள் இன்று திறக்கவில்லை. ஆண்கள் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கினார்கள். சங்குச் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது.

பெண்கள் வீடு கழுவத் தொடங்கியபோது தங்கமணி கொட்டகைக்குப் போனாள். ஓவன் தானாக அணைந்திருந்தது. கதவைத் திறந்தாள். மூடி பளபளவென்று சிவந்திருந்தது. ஓரத்தில் அந்த ஓர் இடம் மட்டும் அப்படியே, ரேகையோடு.

சுவாதி வாசலில் வந்து நின்றாள். "குளிக்க வாம்மா. எல்லாரும் காத்துட்டிருக்காங்க."

"நீ போ கண்ணு. இன்னும் தொட முடியாம சூடா இருக்குது" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள் தங்கமணி.