பிசினில் ஒற்றை வண்டு

விடிய முன்னமே பட்டை உரிக்கும் இயந்திரத்தின் முன் நின்றான் அன்புராசா. கனடாவில், பிறம்ரன் நகர ஓரத்தில் ஸ்புரூஸ் மரத்தை அறுத்து, சாமான் அடுக்கும் பலற் தட்டுகள் அடிக்கும் ஆலை அது. பனியில் இறுகிய கட்டைகளைப் புரட்டிப் புரட்டித் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. பிசின் கையுறையைத் தாண்டி விரலில் ஒட்டியது. கொட்டகைக்கு ஓர் இயந்திரம், இயந்திரத்துக்கு ஓர் ஆள். இரண்டு பனிக்காலமாக இங்கே வேலை. பக்கத்துக் கொட்டகைக்காரனின் பெயர்கூடத் தெரியாது. ஸ்காபரோவில் வாடகைக்கு எடுத்த பேஸ்மென்ற் அறையில் போய்ப் படுத்தாலும் பேச ஒரு சீவன் இல்லை. என்ன சீவியமப்பா இது!

பேசிப் பழகிய ஒரே ஆள் குணவதியக்கா. இதே இயந்திரத்துக்குப் பின்னேர ஷிப்ற்றில் வருபவர். வந்ததும் பிளாஸ்க்கிலிருந்து அவனுக்கு அரைக் கோப்பை தேத்தண்ணி ஊற்றுவார். போன கிழமை அவருடைய இரண்டு விரல்களை உருளை இழுத்துக்கொண்டது. வேலை வேகம் காணாதென்று உருளையின் காப்பு மூடியைக் கழற்றி எறிந்தவர் முதலாளி விநாயகமூர்த்தி. கண்டவன் அன்புராசா மட்டும்தான்.

அன்று ஒரு பட்டை உரிந்து விழ, உள்ளே சுரங்கம் சுரங்கமாய் அரித்திருந்தது. அவன் குனிந்து பார்க்கையில் முதலாளி வந்தார்.

“உது பட்டை வண்டு, தம்பி. பொல்லாத சாமான்.” மரக்கதை தொடங்கினால் மனிதர் நிறுத்தமாட்டார். “முதல் ஒரு பொம்பிளை வண்டு துளைக்கும். மரம் சும்மா விடுமோ? பிசினை ஊத்தி மூடும். தனிய நிண்டா அதோடை சரி. ஆனா உது ஒரு வாசம் விடும். அதுக்கு மற்றதுகள் நூறு நூறா வரும். பிறகு மரத்திட்டைப் பிசின் காணாது. புழு உள்பட்டையைத் திண்டு, வண்டாக ரெண்டு வருசம் செல்லும். அதுக்குள்ளை மரம் முடிஞ்சுது.”

பிறகு குரலைத் தணித்தார். “பின்னேரம் வேலைப் பாதுகாப்பு இன்ஸ்பெக்டர் வாறான். மூடியைக் கழட்டினது குணவதிதான் எண்டு சொல்லு.”

“அண்ணை, கழட்டினது நீங்கள்.”

“நீ தனியாள். உன்ரை கதையை ஆர் நம்பப்போறாங்கள்? நாளைக்கு வேலை வேணுமெண்டா யோசி.” சொல்லிவிட்டு அலுவலகத்துக்குள் போய்விட்டார்.

அன்புராசா அடுத்த கட்டையைப் புரட்டினான். அதில் ஒரேயொரு துளை. துளை வாயில் கட்டியாய்ப் பிசின். அதற்குள் ஒற்றை வண்டு செத்துக் கிடந்தது. அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இதுவும் கூப்பிட்டுத்தானே இருக்கும்? ஒன்றும் வரவில்லை.

இயந்திரத்தை நிறுத்தினான்.

கட்டை வராததைக் கண்டு பக்கத்துக் கொட்டகையில் மரம் அறுக்கும் வாள்காரர் எட்டிப் பார்த்தார். “என்ன, மெஷின் பழுதா?”

“இல்லை. மூடி போடுமட்டும் ஓட்டமாட்டன். குணவதியக்காவிலை பிழையில்லை. பொஸ்தான் கழட்டினவர். அதைத்தான் இன்ஸ்பெக்டருக்கும் சொல்லப்போறன்.”

அந்த மனிதர் திரும்பிப் போனார். அவ்வளவுதான், போய்விட்டார் என்று நினைத்தான்.

வாளின் இரைச்சல் நின்றது. கொஞ்சம் பொறுத்து, அங்காலே ஆணி அடிக்கும் சத்தமும் நின்றது. ஆலை முழுக்க இப்படி அமைதியானதை அவன் இதுவரை கேட்டதில்லை.

வாள்காரர் திரும்பி வந்தார், பின்னால் நாலைந்து பேர். “என்ட வாளுக்கும் மூடி இல்ல. ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்ல எண்டு நானும் பேசாம இருந்துட்டன்.”

“ஆரடா நிப்பாட்டச் சொன்னது?” அலுவலகக் கதவை அடித்துத் திறந்துகொண்டு விநாயகமூர்த்தி வந்தார். ஒருவரும் விலகவில்லை. நாளைக்கு வேலை இருக்குமோ, ஆருக்குத் தெரியும்?

வாள்காரர் அன்புராசாவுக்குப் பக்கத்தில் வந்து தோளோடு தோள் முட்ட நின்றார்.

“நான் ஜவ்ஃபர்,” என்றார். “உங்கட பேர் என்ன?”