பம்ப் ஏன் நிற்கக் கூடாது

‘சூப்பர்வைசர்’ என்ற பொய்யை யோசித்துக் கண்டுபிடித்தவள் சங்கீதா. தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்க்கப் போனால் பிள்ளையிடம் மட்டுமல்ல, பெற்றோரிடமும் கேள்வி கேட்பார்கள் என்று தெரிந்ததும் வீட்டில் ஒத்திகையே நடந்தது. அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டால், சுரங்கத்தில் சூப்பர்வைசர் என்று சொல்ல வேண்டும். உண்மையில் அன்புச்செல்வன் சுரங்கத்தில் பம்ப் பார்க்கிறவன், அதுவும் கான்ட்ராக்ட். மகள் இளவேனில் அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அங்கே போய்ச் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னாள். குரல்தான் எழும்பவில்லை. ஆனாலும் இடம் கிடைத்துவிட்டது.

சங்கீதாவுக்கு அன்று தலைகால் புரியவில்லை. மகள் படித்துக்கொண்டிருந்த அரசு உயர்நிலைப் பள்ளியைப் பற்றி அவள் வாயில் நல்ல வார்த்தை வராது. வேன் உண்டா, டை உண்டா என்று ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். அன்புச்செல்வனுக்குத் தனிக் கருத்து என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. நைட் ஷிப்ட் முடிந்து வரும்போதெல்லாம், பர்மனென்ட் ஆட்களின் பிள்ளைகள் குவார்ட்டர்ஸ் வாசலில் பளபளக்கும் ஷூவோடு வேன் ஏறுவதைப் பார்ப்பான். தன் பெண்ணும் ஏறட்டுமே என்று ஆசையாகத்தான் இருந்தது.

ஆண்டுத் தேர்வுக்கு முன்பே டி.சி. வேண்டும் என்று சொல்லி வைக்க அரசுப் பள்ளிக்குப் போனான். தலைமையாசிரியர் வெளியே போயிருந்தார். மரத்தடியில் காத்திருந்தவன் காதில் எட்டாம் வகுப்பிலிருந்து ஒரு குரல் விழுந்தது. தெரிந்த குரல்தான். ஆனால் வீட்டில் இத்தனை கணீரென்று அதைக் கேட்டதில்லை. மெல்ல ஜன்னல் பக்கம் போனான்.

கரும்பலகைக்கு முன்னால் இளவேனில் நின்றுகொண்டிருந்தாள். தேர்வு நெருங்கினால் பழைய பாடங்களைப் பிள்ளைகளையே எடுக்க வைப்பது அறிவியல் ஆசிரியர் கருணாகரனின் வழக்கம். அவர் கடைசி பெஞ்சில், முட்டி இடிக்கப் பையன்களோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் தண்ணீர் நிரப்பிக் கட்டிய பிளாஸ்டிக் பை. அதன்மேல் ஒரு மெல்லிய நோட்டு, அதற்குமேல் அடுக்கிய புத்தகங்கள். இரண்டு பெண்கள் பையை இருபுறமும் அழுத்திப் பிடித்திருந்தார்கள்.

“பொஸ்தகம்லாம் மண்ணு. இந்த நோட்டு நிலக்கரி. அதுக்கும் கீழ தண்ணி,” என்றாள் இளவேனில். புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். கடைசிப் புத்தகத்தையும் எடுத்ததும் நோட்டு மெதுவாக மேலே எழும்பியது.

“மண்ண எடுக்க எடுக்க, கீழ இருக்கிற தண்ணி மேல தள்ளிகினே இருக்கும். வுட்டா சுரங்கத்துத் தரையே பொத்துக்கும். அதுக்குத்தான் ராவும் பகலும் பம்ப் ஓடுது.” “இதான் பம்ப்பு,” என்று ஊசியால் பையைக் குத்தினாள். தண்ணீர் பீய்ச்சியடித்து முன் பெஞ்சை நனைத்தது. நோட்டு பழைய இடத்துக்குத் தாழ்ந்தது. “அந்தப் பம்ப எங்கப்பா பாத்துக்கிறாரு. கான்ட்ராக்ட்ல இருக்கிறாரு. அவரு கண்ணு அசந்தா, கீழ வேல செய்யிறவங்களுக்கு ஆபத்து.”

அன்புச்செல்வன் குழியில் ஊறுகிற தண்ணீரை இறைத்துக் கொட்டுகிறோம் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தான். பம்ப் ஏன் நிற்கவே கூடாது என்று போன மாதம் இவள் கேட்டபோது, நின்றால் ஆபீசிலிருந்து போன் வரும் என்று பதில் சொன்ன மகாராஜன் அவன். தினமும் தான் நிற்கிற தரைக்குக் கீழே அவ்வளவு தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. அதை அடக்கி வைத்திருப்பவர்களில் தானும் ஒருவன். பயமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது. ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

கருணாகரன் கை தூக்கி, கரண்ட் போய்விட்டால் பம்ப் என்ன ஆகும் என்று கேட்டார். தெரியாது, அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள் இளவேனில். தனக்கும் தெரியாது, நாளைக்கு மறக்காமல் வந்து சொல் என்றார் அவர்.

டி.சி. பற்றி யாரிடமும் பேசாமல் அன்புச்செல்வன் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். பார்த்தது அத்தனையும் சங்கீதாவிடம் சொன்னான். அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது.

“கான்ட்ராக்ட்டுன்னுமா சொன்னா?”

“அத்தினி பேரு முன்னாடியும் சொன்னா.”

“யாரும் சிரிக்கலியா?”

“வாத்தியாரு நோட்டுல எழுதிகினாரு.”

சங்கீதா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். பிறகு, “அந்த ஸ்கூல்ல சேத்தா, இத அவ சொல்ல முடியாதுல்ல,” என்றாள். தனியார் பள்ளிக்கு வரவில்லை என்று நாளைக்கே சொல்லிவிடச் சொன்னாள்.

சாயங்காலம் இளவேனில் பையைக்கூட இறக்காமல் வாசலிலேயே நின்று கேட்டாள், கரண்ட் போனால் பம்ப் என்ன ஆகும் என்று. அன்புச்செல்வன் வாயைத் திறப்பதற்குள் சங்கீதா குறுக்கிட்டாள்.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கிளாஸே காத்துகினு இருக்குது.”