நாலு வீட்டுத் தண்ணீர்

ஜெயக்கொடி கணவரின் தலையை மடியில் ஏற்றி வைத்துக்கொண்டு கரண்டி நுனியால் அவருடைய பற்களை நெம்பிப் பார்த்தாள். முடியவில்லை. கரண்டித் தண்ணீர் கடைவாய் வழியாக ஒழுகிக் கழுத்து மடிப்பில் தேங்கியது.

“ஒரே ஒரு மடக்கு. எனக்காக முழுங்குங்க.”

முத்திருளன் கண்ணைத் திறக்கவில்லை. பல்லை இன்னும் இறுக்கினார். பக்கவாதம் வந்து நாலு மாதமாகச் செத்துக் கிடந்த அந்த உடம்பில், அவர் சொன்னபடி கேட்பவை அந்தத் தாடையும் இடது கையும்தான்.

கோரிப்பாளையத்திலிருந்து வந்திருந்த டாக்டர் அவருடைய வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது.

“தண்ணி குடிச்சு எத்தனை நாள் ஆச்சும்மா?”

“நேத்து வரைக்கும் குடிச்சாரே. டம்ளர்ல வச்சுட்டுப் போவேன். வந்து பாத்தா காலியாத்தான் இருக்கும்.”

டாக்டர் கட்டிலை ஒட்டியிருந்த மண்பானையைப் பார்த்தார். ஜெயக்கொடியும் பார்த்தாள். முந்தாநாள் காலையில் நிரப்பிய பானை. இன்னும் கழுத்து வரைக்கும் தண்ணீர் நின்றது. அவள் அந்தப் பக்கம் போனதும் நல்ல கையால் டம்ளரை எடுத்து, ஒரு சொட்டும் சிந்தாமல் பானையிலேயே திருப்பி ஊற்றியிருக்கிறார்.

“பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. உடனே குளுகோஸ் ஏத்தணும். தாமசம் பண்ணாதீங்க.”

மாடியிலேயே எதிர்வீட்டில் இருக்கும் விருமாண்டி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். டாக்டர் படியிறங்குவதற்குள் அவன் சட்டையை மாட்டிக்கொண்டு டாக்ஸி பிடிக்க ஓடினான். தங்கள் வீட்டுக்காக அவன் ஓடுவான் என்று ஜெயக்கொடி நினைத்திருக்கவில்லை.

தல்லாகுளத்தில் அந்த மாடிக் கட்டடத்தை நாலு குடும்பங்கள் சேர்ந்து வாங்கி ஏழு வருஷம் ஆகியிருந்தது. கீழே இரண்டு வீடு, மேலே இரண்டு வீடு. பத்திரம் ஒன்று, அதில் நாலு பெயர். தண்ணீர் இணைப்பும் ஒன்றுதான், தெருவோரத்தில் ஒரே மீட்டர், மொட்டைமாடியில் ஒரே தொட்டி. வருகிற பில்லை ஆரம்பத்தில் நாலாகப் பிரித்துக் கட்டினார்கள். கீழ்வீட்டு ராஜாராம் வீட்டில் எட்டுப் பேர். முத்திருளனும் ஜெயக்கொடியும் பிள்ளையில்லாத இரண்டு பேர். இது நியாயமில்லை என்று முத்திருளன்தான் முதலில் சொன்னார். கோர்ட்டில் நகல் எழுதுகிற கை. வீட்டுக்கு ஒரு சின்ன மீட்டர் வைத்து, அதன்படி பணம் என்று ஒரு நோட்டில் எழுதி நாலு பேரிடமும் கையெழுத்து வாங்கினார். தெரு மீட்டர் அளவு தாண்டினால் ரேட் இரட்டிப்பாகும். தாண்ட வைத்த வீடுதான் அந்தக் கூடுதலைக் கட்ட வேண்டும். இரண்டு மாதம் கட்டாவிட்டால் அந்த வீட்டு வால்வைப் பூட்டலாம். யாராக இருந்தாலும்.

“மனுசங்களுக்குள்ள பூட்டெல்லாம் வேணுமா சார்?” என்று ராஜாராம் கேட்டார்.

“சண்டை வரக்கூடாதுன்னுதான் எழுதுறேன்.”

போன வருஷம் விருமாண்டிக்கு மில்லில் வேலை நின்றுபோனது. இரண்டு மாதம் அவனால் கட்ட முடியவில்லை. முத்திருளன் தானே கீழே இறங்கிப்போய் அந்த வீட்டு வால்வைப் பூட்டினார். விருமாண்டியின் மனைவி ராமக்காள் பிள்ளை பெற்று ஒன்பது நாள் ஆகியிருந்தது. எட்டு நாள் அவள் தெருப் பைப்பிலிருந்து தண்ணீர் சுமந்தாள். பிறகு காய்ச்சலில் படுத்தாள். ஜெயக்கொடி இரண்டு குடம் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று எழுந்தபோது, “விதின்னா எல்லாருக்கும் விதி” என்றார் அவர். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

இந்த வருஷம் தை மாதம் அவருக்கு வலப்பக்கம் விழுந்தது. ஒரு நாளைக்கு நாலு தடவை விரிப்பு, வேட்டி, துண்டு எல்லாம் அலச வேண்டியிருந்தது. மழை பொய்த்துப்போன அந்த எண்பத்து மூன்றாம் வருஷத்துக் கோடையில் அவர்கள் வீட்டு மீட்டர்தான் எல்லாவற்றையும்விட வேகமாகச் சுற்றியது. லீவுச் சம்பளம் நின்றது. இரண்டு மாதப் பாக்கி விழுந்ததும் ராஜாராம் மேலே வந்து கட்டிலருகில் நின்றார்.

“இத நாலு வீடும் பங்கு போட்டுக்கிறோம் சார். நோயாளி வீடு. இதுக்குப் போயி...”

அப்போது வாசலில் நின்ற விருமாண்டி கேட்டது ஒரே கேள்விதான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

“எம்பொண்டாட்டிக்கு மட்டும் ஏண்ணே பங்கு போடல?”

அன்றைக்கு மத்தியானம் முத்திருளன் சாப்பாட்டைத் தொடவில்லை. கோணிய வாயால் திரும்பத் திரும்ப ஒரே சொல்லைச் சொன்னார். அது “பூட்டு” என்பது ஜெயக்கொடிக்கு மட்டும் விளங்கியது. இரண்டு நாள் பட்டினி கிடந்ததும் ராஜாராம் அழாத குறையாக வால்வைப் பூட்டிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து ஜெயக்கொடி தெருமுனைப் பைப்பிலிருந்து தண்ணீர் சுமந்தாள். விடிகாலையில் வருகிற தண்ணீர் ஏழு மணிக்கு நின்றுவிடும். ஒவ்வொரு குடத்தையும் இறக்கி வைக்கிற சத்தத்துக்குக் கட்டிலில் அவர் தலை திரும்பும். அவர் குடங்களை எண்ணியிருக்கிறார் என்பது இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

“ஏங்க இப்படிச் செஞ்சீக?” கன்னத்தைப் பிடித்து உலுக்கினாள். “நான் சொமக்க மாட்டேன்னு சொன்னேனா? முடியலன்னு சொன்னேனா ஒரு நாளாச்சும்?”

அவர் கண்ணைத் திறந்தார். உதடு வெடித்திருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பிரிந்தது.

“துணி... நனையலைல்ல. ரெண்டு நாளா.”

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. ஜெயக்கொடி கையிலிருந்த கரண்டியைச் சுவரில் விட்டெறிந்தாள். விரலைப் பானையில் நனைத்து அவருடைய உதட்டில் தேய்த்தாள். மறுபடி நனைத்தாள், மறுபடி தேய்த்தாள். டாக்ஸியின் ஹாரன் தெருவில் கேட்டபோது, விரலுக்குக் கீழே உதடு அசைவதை நிறுத்தி எவ்வளவு நேரமாகியிருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வாடிப்பட்டியிலிருந்து கொழுந்தன் காளையும் பங்காளிகளும் வந்து சேர மதியம் இரண்டாகிவிட்டது. உடலைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்க வேண்டும். பங்காளிகள் குடங்களோடு தெருமுனைக்குப் போனார்கள். வெறுங்குடங்களோடு திரும்பி வந்தார்கள். பைப்பில் காற்றுதான் வந்தது. காளை அண்ணன் வீட்டுக் குழாயைத் திருகினான். அதிலும் வரவில்லை. கீழே போய்ப் பார்த்தவன் பூட்டைக் கண்டுவிட்டான்.

“எவன்டா அது, சாகக் கெடக்குற மனுசன் வீட்டுத் தண்ணிய அடைச்சவன்?”

சாவி ராஜாராமிடம் இருந்தது. காளை அவருடைய சட்டையைக் கொத்தாகப் பிடித்து மாடிப்படி வரைக்கும் இழுத்து வந்தான். ராஜாராமின் மனைவி சூடாமணி பின்னாலேயே கதறிக்கொண்டு வந்தாள்.

பிணத்தின் தலைமாட்டில் இருந்த ஜெயக்கொடி எழுந்து வராண்டாவுக்கு வந்தாள்.

“அவர விடு காளை.”

“நீங்க சும்மா இருங்க மதினி. எங்கண்ணனத் தண்ணி இல்லாமக் கொன்னுருக்காங்க.”

“பூட்டச் சொன்னது உங்கண்ணன்தான். பூட்டுற வரைக்கும் சோறு திங்கல.”

காளையின் பிடி தளர்ந்தது. ராஜாராம் சட்டையைச் சரிசெய்யாமல் மடியிலிருந்து சாவியை எடுத்தார்.

“இந்தா தொறந்துர்றேன் தங்கச்சி. ஒரு நிமிசம்.”

ஜெயக்கொடி வேண்டாமென்று தலையசைத்தாள். வராண்டாவைக் கடந்து எதிர்வீட்டு வாசலுக்குப் போனாள். ராமக்காள் இடுப்பில் பிள்ளையோடு நிலைப்படியில் நின்றிருந்தாள். காலையிலிருந்து அவள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. இந்தப் பக்கம் வரவும் இல்லை.

“ராமக்காளு,” என்றாள் ஜெயக்கொடி. “அவரக் குளிப்பாட்டணும். உங்க வீட்டுத் தண்ணி தருவியா?”

ராமக்காள் அவளையே பார்த்தாள். வராண்டாவில் நின்ற அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். பிள்ளை அவளுடைய தாலிக் கயிற்றை இழுத்து வாயில் வைத்தது. அவள் அதை விடுவித்தாள். பிள்ளையை ஜெயக்கொடியின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

முழுதாகத் திறந்துவிட்ட குழாய், தகர வாளியில் விழுகிற சத்தம் கேட்டது.

விருமாண்டி வாளிகளைச் சுமந்து வந்து பங்காளிகளின் குடங்களில் நிரப்பினான். மாடிப்படி குறுகலானது என்பதால் வராண்டாவிலேயே பெஞ்சைப் போட்டு உட்கார வைத்துக் குளிப்பாட்டினார்கள். காளை முதல் குடத்தை ஊற்றினான். தண்ணீர் தலையில் விழுந்து, மூடிய கண்கள் வழியாக, வெடித்த உதடுகள் வழியாக இறங்கியது. மூன்று குடம் ஊற்றியதும் பெரியவர் ஒருவர் போதும் என்று கையைக் காட்டினார்.

“ஊத்துங்க,” என்றாள் ஜெயக்கொடி.

மறுபடி ஊற்றினார்கள். நிறுத்தியபோதெல்லாம் அவள் அதையே சொன்னாள். உள்ளே ராமக்காள் குழாயை மூடவேயில்லை. வராண்டா நிரம்பி, தண்ணீர் படிகளில் இறங்கி, கீழ்வீட்டு வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போனது.

நாலு மணிக்குத் தூக்கினார்கள். பெண்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள். ஜெயக்கொடி கீழே போகவில்லை. பறைச் சத்தம் தெருத் திரும்பித் தேய்கிற வரைக்கும் வராண்டாக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மே மாத வெயில் படிகளின் மேல் நேராக விழுந்தது. தண்ணீர் வடிந்துவிட்டது. தூக்கிச் சென்றவர்களின் ஈரக்கால் தடங்கள் மட்டும் சிமெண்டில் வரிசையாக இறங்கிப் போயிருந்தன. மேல்படியில் இருந்தவை முதலில் மங்கின. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த படியிலும் குதிகால்கள் காய்ந்து, விரல்கள் மட்டும் மிஞ்சின.