பதிவு செய்த எண்

மகளுடைய இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் விருப்ப வரிசைப்படி போட்ட கல்லூரிப் பட்டியலை, இனி மாற்ற முடியாதபடி லாக் செய்ய அன்று கடைசி நாள். மாலை ஐந்து மணிக்குள் செய்தாக வேண்டும். லாக் செய்ய ஓடிபி வேண்டும். அந்த ஓடிபி என் கைப்பேசிக்குத்தான் வரும், ஏனென்றால் விண்ணப்பம் நிரப்பியபோது பதிவு செய்த எண் என்னுடையது. இரண்டே காலுக்கு நான் அந்தக் கைப்பேசியை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

என்ன மனுஷன் இவன் என்று தோன்றும். தோன்றட்டும். எனக்கே தோன்றியது.

என் பெயர் ராஜநாயகம். நாற்பத்தெட்டு வயது. மென்பொருள் சோதனையில் இருபத்தோரு வருஷம் குப்பை கொட்டியவன். மற்றவர்கள் எழுதுகிற புரோகிராமில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிச் சொல்வதுதான் வேலை. அதிலும் கடைசிப் பத்து வருஷம் ஒரு வெளிநாட்டு வங்கிக்காக. மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணிக்கு, கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்கள். ராஜினாமாக் கடிதத்தை அவர்களே தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். முப்பது பேர் பார்த்த வேலையை இனிமேல் ஒரு ஏஐ கருவி பார்க்குமாம். கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டார்கள். சாப்பாட்டு டப்பா மட்டும் என்னுடையது என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இல்லை.

அதற்குப் பிறகு நாலு மாதம் வீட்டில்தான். காலையில் எழுந்து குளித்து இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொள்வேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது. மனைவி கிளாடிஸ் அடையாறில் ஒரு பள்ளியில் ஆசிரியை. அவள் கிளம்பிப் போனதும் வீடு அமைதியாகிவிடும். நான் அபிராமபுரத்திலிருந்து கிளம்பி பட்டினப்பாக்கம் கடற்கரை வரை போய் உட்கார்ந்துவிட்டு வருவேன். சில நாள் இரண்டு தடவை.

இந்த லட்சணத்தில் என் மகள் டெல்பினுக்குக் கம்ப்யூட்டர்தான் படிக்க வேண்டுமாம்.

ஒரு வாரமாகச் சாப்பாட்டு மேசையில் இதே சண்டை. எலெக்ட்ரிகல் எடு, கரண்ட் இல்லாமல் ஊர் நடக்காது, அரசாங்க வேலைக்கும் வழி இருக்கிறது என்று நான் சொல்வேன். அவள் கத்த மாட்டாள். அதுதான் எனக்கு எரிச்சலே. இந்த வேலைக்குச் சிபாரிசு வேண்டாம், ஒரு மேசையும் ஒரு கம்ப்யூட்டரும் போதும், தப்புச் செய்தால் அதுவே சொல்லிவிடும், யார் முகத்தையும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம் என்று நிதானமாக அடுக்குவாள். எதிர் வீட்டு மெஹபூப் அலி பாயின் மகள் ரூபீனாவைப் பாருங்கள், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே ஒரு மென்பொருள் டீமை நடத்துகிறாள் என்பாள். எனக்குப் பாயையும் தெரியும், ரூபீனாவையும் தெரியும். இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொள்வேன்.

போதாக்குறைக்கு அவள் ஏற்கெனவே ஒன்று செய்தும் காட்டிவிட்டாள். எங்கள் பங்குக் கோவிலில், நடமாட முடியாதவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் கொடுக்கும் நற்கருணை அப்பத்தை வீட்டுக்கே கொண்டுபோவார்கள். யார் எந்த வீட்டுக்குப் போவது என்பது ஒரு நோட்டில் இருந்தது. மாதத்துக்கு ஒரு வீடாவது விட்டுப்போகும். அந்த வீட்டுக் கிழவர் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி மத்தியானம் வரை உட்கார்ந்திருப்பார். டெல்பின் பதினொன்றாம் வகுப்பு லீவில் அதற்கு ஒரு சின்ன செயலி எழுதிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு ஒரு வீடும் விட்டுப்போகவில்லை.

"ஒரு தடவ சரியா எழுதிட்டா போதும்பா. நான் தூங்கினாலும் அது வேலை செய்யுது" என்றாள்.

நான் மேசையைத் தட்டி, அப்படி வேலை செய்கிற ஒன்றுதான் என்னை வீட்டுக்கு அனுப்பியது என்றேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். கிளாடிஸ் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அப்படியாகத்தான் அந்தக் கடைசி நாள் வந்தது. அவள் பட்டியலில் முதல் ஆறு இடமும் கம்ப்யூட்டர். எலெக்ட்ரிகல் ஏழாவதாகத் தொங்கிக்கொண்டிருந்தது. லாக் செய்யலாமா என்று கேட்டாள். சாப்பிட்டுவிட்டுச் செய்யலாம் என்றேன். சாப்பிட்டோம். அவள் கை கழுவப் போனாள், நான் படியிறங்கிவிட்டேன்.

மந்தைவெளி தாண்டி கெனால் பேங்க் ரோடு வழியாகப் பட்டினப்பாக்கம். வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். என்ன திட்டம் என்று கேட்டால் ஒழுங்காகச் சொல்ல வராது. மூன்று மணிக்கு, பயந்துபோய் வரிசையை அவளே மாற்றுவாள், அப்புறம் போகலாம் என்று நினைத்தேன். மூன்றரைக்கு, லாக்கே ஆகாமல் போனால் இந்தச் சுற்றில் எந்த இடமும் கிடைக்காதே என்று தோன்றியது. எழுந்தேன். கண்ணாடி அறையில் என் மகள் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவது கண்ணுக்குத் தெரிந்தது. மறுபடி உட்கார்ந்துவிட்டேன். நாலு மணிக்கு நான் எதையுமே நினைக்கவில்லை, கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் புஷ்பம் வந்தாள். சாலையோரத்தில் மீன் விற்கிறவள். வெள்ளிக்கிழமைக்கு மீன் சொல்லி வைப்பதற்காக அவள் நம்பர் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தன் கைப்பேசியை இரண்டு விரலால் பிடித்து என்னிடம் நீட்டினாள்.

"சார், உன் பொண்ணு லைன்ல கீது. அய்துகினு பேசுது. இன்னான்னு கேளு."

வாங்கிக் காதில் வைத்தேன். ஓடிபி எங்கே என்று கேட்பாள், திட்டுவாள், நானும் திருப்பிக் கத்திவிடலாம் என்று தயாராகத்தான் இருந்தேன்.

"அப்பா, தண்ணி பக்கத்துலயா இருக்கீங்க?"

எனக்குப் புரியவில்லை. இல்லை, ரோட்டோரம்தான் என்றேன். மறுமுனையில் அவள் மூச்சு விடுவது கேட்டது. புஷ்பம் அக்கா பக்கத்திலேயே நிற்கிறார்களா என்று கேட்டாள். நிற்கிறாள் என்றேன். "சரிப்பா, வீட்டுக்கு வாங்க. எதுக்கும் சண்டை வேணாம். வந்துடுங்க" என்றாள். அப்போதுதான் உறைத்தது. நாலு மாதமாக நான் கடற்கரைக்குக் கிளம்பும்போதெல்லாம், எப்ப வருவீங்க, எப்ப வருவீங்க என்று அவள் கேட்டது எதற்காக என்று அப்போதுதான் உறைத்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று ஒரு பொய்யைச் சொல்லி, இதோ வருகிறேன் என்றேன்.

மணி நாலு இருபது. ஸ்கூட்டரைக் கிளப்பும்போதே கைப்பேசியை உயிர்ப்பித்தேன். ஐந்து ஓடிபிக்கள் வரிசையாக வந்து விழுந்தன. எல்லாம் காலாவதியானவை. மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்ட சாலையில் மந்தைவெளி சிக்னல் அசையவே இல்லை. ஹார்ன் அடித்தேன். முன்னால் இருந்த ஆட்டோக்காரர் திரும்பி, பறந்தா போகணும் என்று கேட்டார். பறந்துதான் போக வேண்டியிருந்தது. வீட்டுப் படி ஏறும்போது நாலு முப்பத்தெட்டு.

டெல்பின் கதவைத் திறந்து என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள். நான் நேரே மேசைக்குப் போனேன். திரையில் ஓடிபி கேட்கும் பெட்டி மட்டும் திறந்திருந்தது. அவள் புது ஓடிபிக்கான பொத்தானை அழுத்தினாள். வரவில்லை. மறுபடி அழுத்தினாள். வரவில்லை. கடைசி நாள், கடைசி அரை மணி. ஊரில் இருக்கிற அத்தனை பிள்ளைகளும் இதைத்தான் அழுத்திக்கொண்டிருப்பார்கள். மூன்றாவது தடவை அழுத்திவிட்டு நாலாவதுக்குப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அழுத்தாத. ஒவ்வொரு தடவ அழுத்தும்போதும் முன்னாடி அனுப்பினது செத்துடும். இனிமே தொடாத."

பத்து வருஷம் அந்த வங்கிக்காக நான் சோதித்தது இதைத்தான். ஓடிபி எப்போது பிறக்கிறது, எப்போது சாகிறது, ஒன்றன் பின் ஒன்றாகக் கேட்டால் எது செல்லும் என்பதைத்தான். கடைசியாகக் கேட்டது மட்டும்தான் செல்லும். நெரிசலில் முன்னால் கிளம்பியது பின்னால் வந்து சேரும். தப்பான எண்ணை மூன்று முறை போட்டால் பக்கம் முடங்கிவிடும். விண்ணப்பம் நிரப்பியபோது வந்த பழைய எண் ஒன்றை டெல்பின் ஏற்கெனவே போட்டுப் பார்த்திருந்தாளாம். இரண்டு வாய்ப்புதான் பாக்கி.

நாலு நாற்பத்தேழு. ஒரு செய்தி வந்தது. அவள் விரல்கள் விசைப்பலகைக்குப் போய்விட்டன. இரு என்றேன். திரையில் பெட்டிக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத சாம்பல் நிறத்தில் நான்கு ஆங்கில எழுத்துகள் இருந்தன. செய்தியிலும் நான்கு எழுத்துகள் இருந்தன. அவை வேறு. இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் கடைசியாகக் கேட்ட ஓடிபி, இது அது இல்லை என்றேன்.

"இதெல்லாம் யாருப்பா பாப்பாங்க?" என்றாள்.

யாரும் பார்க்க மாட்டார்கள் என்றுதான் அந்த வங்கிக்காரர்களும் சொன்னார்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால், அந்த நாலு எழுத்து வேண்டும் என்று பதினாலு தடவை குறை எழுதி அனுப்பியவன் நான். பதின்மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் சனியன் ஒழியட்டும் என்று போட்டார்கள். இந்தப் பக்கத்தையும் என்னைப் போல ஒரு பிடிவாதக்காரன் எங்கோ உட்கார்ந்து சோதித்திருக்கிறான். அவன் பெயர் தெரியாது. அவனுக்கு வேலை இருக்கிறதோ இல்லையோ, அதுவும் தெரியாது.

நாலு ஐம்பத்தொன்றுக்கு இன்னொன்று. அதுவும் வேறு எழுத்து. டெல்பின் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். என் முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது. ஒருவேளை மூன்றாவது வராமலே போனால் என்ன செய்வது, மறுபடி அழுத்துவதா, அழுத்தினால் ஐந்துக்குள் வருமா? இந்த நிலைமைக்குக் கொண்டுவந்து நிறுத்தியதே நான்தான் என்ற எண்ணம் வேறு குடைந்தது. ஆனால் தலை மட்டும் தெளிவாக இருந்தது. நாலு மாதமாக அது அப்படி இருந்ததில்லை.

நாலு ஐம்பத்தாறு. செய்தி வந்தது. எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். நாலும் பொருந்தின. போடு என்றேன். ஆறு எண்களையும் நான் வாசிக்க வாசிக்க அவள் போட்டாள். பக்கம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு பச்சை நிறத்தில் ஒரு வரி வந்தது. பட்டியல் லாக் ஆகிவிட்டது.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மார்ச்சுக்குப் பிறகு அன்றுதான். நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்லியே ஆக வேண்டும் போல இருந்தது.

"நீ கம்ப்யூட்டரே படி, டெல்பின். வேலை போகும். இல்லன்னு சொல்லல. என்னைக்காவது போகும், திரும்பவும் தேடணும். ஆனா உன் மூஞ்சி தெரியாத எவனோ ஒருத்தன், நீ செஞ்சதை வெச்சு இப்படி ஒரு நாள் தப்பிச்சுப்பான். இருபத்தோரு வருஷமும் வீணாப் போச்சுன்னு நினைச்சுட்டேன். போகல. எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடிக்கும்மா. அதான் இவ்வளவு கோவம்."

அவள் சிரிக்கவில்லை. திரையை மெல்ல என் பக்கம் திருப்பினாள்.

பச்சை வரிக்குக் கீழே பட்டியல் வந்திருந்தது. ஒன்றாவது எலெக்ட்ரிகல். இரண்டாவதும் எலெக்ட்ரிகல். ஆறாவது வரை அதுதான். கம்ப்யூட்டர் ஏழாவதாக இருந்தது.

"மூணரைக்கே மாத்திட்டேன்பா. வந்து பாத்தீங்கன்னா சந்தோஷப்படுவீங்கன்னு நினைச்சேன்."

மணி நாலு ஐம்பத்தெட்டு. நான் அந்தப் பக்கத்தை மேலும் கீழும் உருட்டினேன். பின்னால் போனேன், வெளியே வந்து மறுபடி உள்ளே போனேன். மாற்றுவதற்கு ஒரு பொத்தான், ஒரு சந்து, ஏதாவது ஒன்று கிடைக்குமா என்று தேடினேன். ஓட்டை இல்லாத பக்கத்தை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். ஐந்து அடித்ததும், காலம் முடிந்தது என்று அதுவே சொல்லிவிட்டு மூடிக்கொண்டது.

டெல்பின் என் தோளில் கை வைத்தாள். எலெக்ட்ரிகல் படித்துவிட்டும் அந்த வேலைக்கு வரலாம், ரூபீனா அக்கா படித்தது பி.காம்தானே என்றாள். அவள் சொன்னது உண்மைதான். அப்படி வந்தவர்கள் என் டீமிலேயே ஐந்து பேர் இருந்தார்கள். அதைச் சொல்லி அவள் என்னைத் தேற்றியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"சார்ஜ் தீரல, டெல்பின். நான்தான் வேணும்னே அணைச்சேன்" என்றேன்.

"தெரியும்பா" என்றாள். "அதனாலதான் பயந்தேன்."